விடுதி வழக்கில் எஸ்.ஓ.பி.: மூலபாடமும் பாடபேதமும்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விரும்பும் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவன், தன்னை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றிரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பும் உரைநடை இலக்கியம் எஸ்.ஓ.பி. எனப்படும். டிசம்பர் மாதக் கெடுவை ஒட்டி, பெரும்பாலும் நள்ளிரவில் பிறப்பது. தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் காப்பாற்ற விடுதியே கூடி உழைப்பது இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். இத்துறையில் இதுவரை எவரும் ஆராயவில்லை என்று தொடக்கத்தில் எழுதுவது மரபு, எழுதியாயிற்று.

மாணவர்க்கு மாணவர் செய்யும் உதவி ஐவகைப்படும். பிழை திருத்தலாவது, ஆங்கிலத்தில் 'தி' இருக்க வேண்டிய இடத்தில் எடுத்து, கூடாத இடத்தில் போடுதல். புகழ்தலாவது, படிக்காமலே "வேற லெவல் மச்சி" எனல். சுருக்கலாவது, ஆயிரத்துச் சொச்சம் சொல்லை வரம்புக்குள் அடக்குதல்; முதலில் வெட்டுப்படுவது உண்மையாக நடந்த பகுதி. சாட்ஜிபிடியிடம் கேட்டலை ஆறாம் வகையாகக் கொள்வாரும் உளர். அது பதிலுக்கு டீ வாங்கித் தரச் சொல்வதில்லை. எனவே உதவியில் அடங்காது.

நான்காவதான கோப்பு அளித்தல் விரித்துரைக்கத் தக்கது. "அண்ணா, உங்க எஸ்.ஓ.பி. அனுப்புறீங்களா, சும்மா ரெஃபரன்ஸுக்குத்தான்" என்று ஜூனியர் வேண்டுவான். "அப்படியே அடிச்சு வெச்சிராதடா" என்று சீனியர் வழங்குவான். அவனுக்கும் அவனுடைய சீனியர் இதையேதான் சொல்லியிருந்தான். இவ்வாறு வழிவழியாகப் படியெடுக்கப்பட்ட கோப்புக்கு 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ரியல் ஃபைனல்', 'இதான் ஃபைனல்' என நான்கு பிரதிகள் கிடைக்கின்றன. 'பிக் டேட்டா' என வரும் பிரதி பழையது. 'டீப் லேர்னிங்' வருவது இடைக்காலத்தது. 'ஜெனரேட்டிவ் ஏஐ' வருவது பிற்காலத்தது. அத்துறையின் மீது ஆசிரியருக்கு இருந்த தீராத வேட்கை மட்டும் எல்லாப் பிரதிகளிலும் அதே வாக்கியத்தில் அதே இடத்தில் இருக்கிறது.

மூல ஆசிரியர் யார் என்பதில் பூசல் உண்டு. மெக்கானிக்கல் துறையார் தம்மவர் என்பர், இ.சி.இ. துறையார் விடுவதாயில்லை. புலவரின் ஊரையும் சாதியையும் கண்டுபிடித்துவிட்டால் பாட்டைப் படிக்க வேண்டியதில்லை என்பது நம் ஆராய்ச்சி உலகில் நிலைபெற்ற நெறியாதலால், இப்பூசல் வாழ்க.

நூலின் முதல் வரி, சிறுவயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பார்த்த செய்தியைச் சொல்கிறது. 'ரேடியோ' என்பதற்கு 'மிக்ஸி', 'ரிமோட் கார்' எனவும் பாடம். இவ்வாசிரியர் பிறந்தபோது வீட்டில் ரேடியோ இருந்திருக்காது. ஆகவே 'மிக்ஸி'யே மூலபாடம் என்பர் மூன்றாம் மாடி உரைகாரர் (மாடிப்படிப் பேச்சு, பனியனுடன்). மிக்ஸியைக் கழற்றியவனை அவன் அம்மா விசா எடுக்கும் வயதுவரை விட்டுவைத்திருக்க மாட்டார் என மறுப்பர் டெக்சஸ் உரைகாரர் (வாட்ஸ்அப் குரற்பதிவு, பின்னணியில் குக்கர், மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி. அனுப்பியவர் இதைப் பின்னர் அழித்துவிட்டார், அழிக்கப்பட்டது என்ற குறிப்பு எம்மிடம் பத்திரமாக உள்ளது).

ஒப்பியல் நோக்கு இங்கே உதவும். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் 2007இல் விண்ணப்பக் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டாம் வயதில் வேதியியல் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை விழுந்த கதை 234 கட்டுரைகளில் இருந்தது. நம்ப முடியாத இச்செய்தி ஒன்றே இக்கட்டுரையில் சான்று காட்டத் தக்கது. நம் ரேடியோவே கடல்கடந்து பைஜாமாவாயிற்று என நிறுவ ஓர் அறிஞர் கிடைப்பார். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நாள் குறிக்க வேண்டியதுதான்.

பர்டூ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஒரு பிரதியின் கடைசிப் பத்தி, "ஆகவேதான் ஜார்ஜியா டெக்கில் சேர விழைகிறேன்" என முடிகிறது. பெயரை மாற்ற மறந்துவிட்டான் என்பர் இலக்கணம் அறியார். இது இடவழுவமைதி என்க.

ஐந்தாவது, பிறர் குரலில் எழுதித் தருதல். விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதங்கள் மூன்று வேண்டும். கேட்டால் பேராசிரியர், "நீயே ஒண்ணு எழுதிட்டு வாப்பா, பாத்து அனுப்பறேன்" என்பார். தன்னைத் தானே புகழக் கூசுபவன் அறைத்தோழனிடம் கொடுப்பான். 21 வயது அறைத்தோழன், "என் இருபதாண்டு ஆசிரியப் பணியில்" என்று தொடங்குவான். இதற்கிடையே, 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று தரும் உரிமையை, அதாவது சேர்ந்தபின் அக்கடிதத்தைப் பார்க்கும் உரிமையை, விட்டுக்கொடுப்பதாக மாணவன் விண்ணப்பத்தில் ஒரு டிக் அடிப்பான். முந்தின இரவு தானே உட்கார்ந்து திருத்திய கடிதம் அது.

இவ்வகையை ஒழுக்கக்கேடு என்று கண்டிக்கும் அறிஞர்கள் உளர். அவர்கள் பெயரில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரைகளை எழுதிய மாணவர்களும் அவ்வாறே கருதுகின்றனர்.

அப்படி வந்த கடிதத்தைப் படித்து முடித்த பேராசிரியர் ஒருவர், "யாருப்பா எழுதினது, பிரமாதமா இருக்கே. அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு இன்டர்வியூ. என்னைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லேன்" என்று கேட்டதாக ஒரு பிரதியில் காணப்படுகிறது. 'ரியல் ஃபைனல்' பிரதியில் இப்பகுதி இல்லை.