புரோட்டமின் பற்றி ஒரு சிற்றாய்வு

திறந்த இதய அறுவையில் பயன்படும் மருந்துகளில் விசித்திரமான பிறப்பு புரோட்டமினுடையது. 1874-இல் பாசல் நகரில் ஃபிரெட்ரிக் மீஷர் ரைன் நதி சால்மன் மீனின் விந்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினை அது முறிக்கும் என்று 1937-இல் கண்டவர்களில் ஒருவர் எர்வின் சார்காஃப். இருவருமே டிஎன்ஏ வரலாற்றில் பெயர் பெற்றவர்கள். இதய அறுவைக்கும் அவர்களிடம் ஒரு கடன் உண்டு.

இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் ஓடும் ரத்தம் உறையக் கூடாது. அதற்குப் பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெபாரின், கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட். இயந்திரத்தை விட்டு வந்தபின் ரத்தம் உறைந்தே தீர வேண்டும், அதற்குப் புரோட்டமின்.

ஆபத்து இங்கேதான். தையல் முடிந்து இதயம் தானே துடிக்கத் தொடங்கியதும் தியேட்டரில் இறுக்கம் தளர்கிறது. தளரக் கூடாத நேரம் அது. மருந்தை வேகமாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரியும். பத்து நிமிடமாவது எடுத்துக்கொள்வது நல்லது. சிலருக்கு ஒவ்வாமை வரும்: மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள், பால்போல் கலங்கிய என்பிஎச் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் (அதிலும் புரோட்டமின் இருக்கிறது), குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட ஆண்கள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் வேண்டும். இவற்றைப் பற்றி அறுவைக்கு முதல் நாளே கேட்டுவிட வேண்டும். கேட்கக் கூசுவது மருத்துவம் ஆகாது.

எதிர்வினைகளில் மிகக் கொடியது நுரையீரல் ரத்தக்குழாய்கள் திடீரென இறுகுவது. திறந்த மார்புக்குள் வலது கீழறை கண்ணெதிரே உப்பிப் பலூனாகிறது; மானிட்டரில் நுரையீரல் அழுத்தம் ஏறுகிறது, உடலின் அழுத்தம் விழுகிறது. உடனே புரோட்டமினை நிறுத்தி, முழு ஆக்சிஜனும் அட்ரினலினும் கொடுக்க வேண்டும். அப்போதும் மீளாவிட்டால், மறுபடி முழு அளவு ஹெபாரின் ஏற்றி இயந்திரத்துக்கே திரும்ப வேண்டும். அதனால்தான் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் தன் குழாய்ச் சர்க்யூட்டை அவசரப்பட்டுக் கலைப்பதில்லை.

என் கருத்தில், இந்த மருந்தின் பாதுகாப்பு சிரிஞ்சில் பாதி, குரலில் பாதி. "புரோட்டமின் ஆரம்பிக்கிறேன்" என்று மயக்க மருத்துவர் உரக்கச் சொல்ல வேண்டும். "சக்கர் (ரத்தத்தை உறிஞ்சி இயந்திரத்துக்கு அனுப்பும் குழாய்) நிறுத்தியாச்சு" என்று பெர்ஃப்யூஷனிஸ்ட் பதில் சொல்ல வேண்டும். இல்லையேல் ஹெபாரின் முறிந்த ரத்தம் உறிஞ்சப்பட்டு இயந்திரத்துக்குள்ளேயே உறைந்துவிடும். திரும்பிப் போகும் வழி அடைபடும். இயந்திரம் ஓடும்போதே புரோட்டமினைத் தவறிச் செலுத்தினால் நேர்வதும் அதுவே. ஆகவே நிரப்பிய சிரிஞ்சை மற்ற மருந்துகளோடு வைக்காமல், பெயர் ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும்.

கடும் எதிர்வினையிலிருந்து மீண்டவருக்குப் புரோட்டமினை மறுபடி கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். ஹெபாரின் தானாக வடியும்வரை, கசியும் ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் ஏற்றிக் காத்திருக்க வேண்டியதுதான்.