64 தட்டுக்குள் டன்சினன்

கிரீன்ஃபீல்ட், மசசூசெட்ஸ்
மாசி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்நேரம் பூண்டுலோயாவில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றி, தப்பு அடிப்பவர்களோடு வருடாந்தச் சண்டையையும் தொடங்கியிருப்பீர்கள். இந்தப் பனியில் பொழுது எப்படிப் போகிறது என்று அத்தை கேட்டிருந்தார். ஆட்டம் ஆடுகிறேன் என்று சொல்லுங்கள். பயப்பட வேண்டாம். சாராயம் கிடையாது, ஆடுகிறவர்களில் பலர் உங்களைவிட மூத்தவர்கள். பெயர் கொன்ட்ரா.

இரண்டு நீள வரிசை எதிரெதிரே நிற்கும். அடுத்தடுத்த இரண்டு ஜோடிகள் சேர்ந்தால் நாலு பேர். அந்த நாலு பேரும் சுற்றி, கை மாற்றி ஆடி முடிக்கும்போது ஒரு ஜோடி வரிசையில் மேலே ஓரிடமும் மற்றது கீழே ஓரிடமும் நகர்ந்திருக்கும். எதிரே புது ஜோடி, மறுபடி அதே ஆட்டம். உள்வட்டமும் வெளிவட்டமும் நகர்ந்து கோல் மாற்றுகிற நம்ம கோலாட்டத்தை இழுத்து இரண்டு கோடாக்கினால் இதுதான். பிடில், பியானோ, பான்ஜோ எல்லாம் நேரில் வாசிப்பார்கள். மேடையில் ஒருவர் நின்று அடுத்து என்ன செய்வதென்று கூப்பிடுவார். அவர் பெயர் காலர். பெரட்டுக்களத்துக் கங்காணி மாதிரிதான், ஆனால் அரைநாள் பேர்தான் போடுவேன் என்று மிரட்டமாட்டார். தாளத் தட்டு விழுவதற்கு முன்னால் அவர் வாய் மூடியிருக்க வேண்டும். சொல் பிந்தினால் வரிசையே பிந்தும்.

என் வீட்டுக்காரர் அப்படியொரு காலர். இந்தக் குளிர்காலத்தில் தானே ஒரு புது ஆட்டம் கட்டியே தீருவதென்று கிளம்பிவிட்டார். இரவானால் சமையலறை மேசைதான் களரி. இடப்பக்க ஆட்டக்காரருக்கு லார்க், வலப்பக்கத்தவருக்கு ராபின் என்று பறவைப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் லார்க்குக்கு ஏலக்காய், ராபினுக்குக் கராம்பு. அத்தை அனுப்பிய பொட்டலம் இன்னும் கறிச்சட்டியைப் பார்க்கவில்லை.

மாமா, இதில் கணக்குத்தான் கொடுமை. மெட்டு இரண்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் 16 தட்டு, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. மொத்தம் 64. நிமிடத்துக்கு 110 முதல் 120 தட்டு வரை ஓடுவதால் ஒரு சுற்று அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. 65ஆவது தட்டில் அடுத்த சுற்று தொடங்கியாக வேண்டும். நம்ம கூத்தில் ரதி அழுது முடியவில்லையென்றால் நீங்கள் தப்புக்காரரைப் பார்த்துக் கண்காட்டுவீர்கள், அவர் இன்னும் இரண்டு சுற்று அடிப்பார். இங்கே எந்த ரதிக்காகவும் பிடில் நிற்காது.

வீட்டுக்காரர் முதலில் எழுதியது இப்படி. பக்கத்து ஆளோடு கை பிடித்து அசைந்து சுழல 16. நீள வரிசைகள் முன்னே வந்து பின்னே போக 8. நாலு பேரும் கைகோத்து இடமாக முக்கால் வட்டம், 8. சொந்த ஜோடியோடு அசைந்து சுழல 16. (சுழலும்போது தலை சுற்றாமலிருக்க எதிராளின் கண்ணையே பார்க்க வேண்டும். இதை அத்தைக்கு வாசிக்காதீர்கள்.) ராபின்கள் இருவரும் நடுவில் வலக்கை பிடித்து எதிர்ப்பக்கம் மாற 8. நாலு பேரும் ஒரு கையை நடுவில் கோத்து நட்சத்திரமாகச் சுற்ற 8. கடைசியில் புது ஆளை முதுகுப்பக்கமாகச் சுற்றி வந்து வணக்கம் வைப்பதுபோல் ஒன்று, அதற்கும் 8. கூட்டினால் 72.

எட்டை எங்கே வெட்டுவது? அந்த வணக்கத்தில் அவருக்குக் கொள்ளைப் பிரியம். நட்சத்திரம் முடிந்ததும் புது ஆள் கண்ணெதிரே நிற்கிறாரே, பிடித்துச் சுழல வேண்டியதுதானே, எதற்கு முதுகைச் சுற்ற வேண்டும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கப் போனார். காலையில் வணக்கம் இல்லை. 64 வந்துவிட்டது.

கணக்கு சரியானாலும் உடம்பு சரியென்று சொல்ல வேண்டுமே. அவர் எழுதியது வலக்கை நட்சத்திரம். எதிர்ப்பக்கம் போன ராபினின் இடக்கையை வாங்கி, லார்க் இடப்புறமாக ஒரு திருப்புத் திருப்பி நிறுத்துவார். அதே வேகத்தில் வலக்கையை நீட்டினால் உடம்பு நின்று எதிர்த்திசைக்குத் திரும்ப வேண்டும். ஏலக்காய்க்கும் கராம்புக்கும் தோள் கிடையாது, அவை முறையிடவில்லை. கூடத்து நாற்காலிகளை ஒதுக்கி ஆட்களை நிறுத்தியபோதுதான் முழங்கைகள் பேசின. இடக்கை என்று மாற்றினோம். திருப்பின் வேகமே நட்சத்திரத்தையும் இழுத்துக்கொண்டு போயிற்று. இப்படிச் சோதித்துப் பார்க்க எட்டுப் பேராவது வேண்டும், நாலு பேர் போதாது. வரிசையின் நுனிக்குப் போகிற ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, பக்கம் மாறித் திரும்ப வேண்டும். ஆட்டம் குழம்புவது பெரும்பாலும் அந்த நுனியில்தான்.

எல்லாம் கூடி வந்த இரவில், வந்திருந்த ஒருவர் வாயைத் திறந்தார்: "இது 'தி பேபி ரோஸ்' மாதிரியல்லவா இருக்கிறது?" அது பக்கத்து மொன்டேகு ஊர்க்காரரான டேவிட் கேனர் கட்டிய ஆட்டம். 2021இல் இறந்துபோன அவரை இந்தப் பக்கத்துப் பிடில்காரர்களும் காலர்களும் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒப்பிட்டால் நீள வரிசைகள் முன்னே வந்து பின்னே போகிற ஒரே ஓர் எட்டுத் தட்டில்தான் வித்தியாசம். வீட்டுக்காரர் தேநீரைக்கூடத் தொடவில்லை. எனக்கு இதில் குற்றமே தெரியவில்லை. 64 தட்டுக்குள் நாலு பேரை நகர்த்த எத்தனை வழிதான் இருக்கும்? நீங்களும் கீழ் டிவிஷன் கூத்து மாஸ்டரும் வருடா வருடம் ஒரே காமனைத்தான் எரிக்கிறீர்கள். யாரும் வழக்குப் போடவில்லையே.

ஆனாலும் அந்த எட்டுத் தட்டை நம்முடையதாக்க ஒரு யோசனை சொன்னேன். வரிசைகள் நாலடி முன்னே வருகின்றன அல்லவா? நாலாவது அடியில் எதிரே இருப்பவரின் உள்ளங்கையில் கோலாட்டம் போல ஒரே ஒரு தட்டு. கூடுதல் நேரம் ஒன்றும் வேண்டாம். முழு வரிசையும் ஒன்றாகத் தட்டியபோது கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்தார்.

ஆட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது என் ஊர்ப் பெயரை வீட்டுக்காரர் கேட்டார். பூண்டுலோயா அவர் வாயில் நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டம் டன்சினன் என்றதும் துள்ளி எழுந்தார்: "மாக்பெத்தில் வருகிற மலை!" அந்த நாடகத்தில் பர்னம் காடு டன்சினன் மலையை நோக்கி நடந்து வருமாம், எங்கள் வரிசைகள் நடந்து வருகிற மாதிரியே. ஸ்கொட்லாந்துத் துரைமார் நமக்குத் தேயிலையையும் இந்தப் பெயர்களையும் விட்டுப் போனார்கள். அவர்கள் ஊர் மெட்டுகளை இங்கே இன்னும் வாசிக்கிறார்கள். 'மனி மஸ்க்' என்றொரு பழைய மெட்டு கேட்டால் உங்களுக்கே கால் நிற்காது.

வருகிற சனிக்கிழமை கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் மண்டபத்தில் முதல் ஆட்டம். ஓர் உதவி வேண்டும். காமன் எரிப்பதற்கு முன் ஒரு நாள், நிமிடத்துக்கு 116 தட்டு விழுகிற மாதிரி தப்பை அடிக்கச் சொல்லிப் போனில் பதிந்து அனுப்புங்கள். 64 முடிந்ததும் நிறுத்தாமல் மறுபடி 64. அழுகைக்கு இடம் விட வேண்டாம்.

அத்தையிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கராம்பு போதும், ஏலக்காய் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வீட்டுக்காரர் யோசிக்கும்போது லார்க்குகளை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்