கொல்லைப்புற வானிலை நிலையம்

வாசகர், கும்பகோணம்: பங்குனி பிறந்தால் போதும், விடியுமுன்பே எங்கள் வேப்பமரத்துக் குயில் கூவ ஆரம்பித்துவிடுகிறாள். அவளுக்குத் தூக்கமே வராதா?

பதில்: தூங்காதது அவள் அல்ல, அவன். சுருதியை ஏற்றிக்கொண்டே போகிற அந்தக் கறுப்புப் பறவை ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பெண்குயிலுக்கு 'கிக் கிக்' என்பதோடு கச்சேரி முடிந்தது. நாம்தான் பாடகிகளைப் பிடித்து வைத்துக் குயில் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். காக்கை கூடு கட்டும் காலம் பார்த்துத்தான் இவன் கூவுகிறான். அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் காக்கையின் பொறுப்பு. பிள்ளை வளர்க்கும் கவலை இல்லாதவனுக்குப் பாட்டு வராமல் என்ன செய்யும்?

வாசகி, சீர்காழி: எறும்பு முட்டையோடு மேட்டுக்கு ஏறினால் மழை என்கிறார் என் மாமியார். வானிலை அறிக்கையோ வறண்ட வானிலை என்கிறது. யாரை நம்புவது?

பதில்: மாதத்தைச் சொல்லவில்லையே! தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. ஐப்பசியில் யார் மழை என்று சொன்னாலும் பலிக்கும். புற்றில் ஈரம் ஏறினாலும் எறும்பு வீடு மாற்றும், வெயில் தாங்காவிட்டாலும் மாற்றும். அது தூக்கிப் போவதிலும் பெரும்பகுதி முட்டையல்ல, புழுவும் கூட்டுப்புழுவும். இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டே கிளம்புங்கள். நனைந்தால் காய்ச்சலோடு போகும். மாமியார் சொல் பலித்துவிட்டால் அது வருஷக்கணக்கில் பேசப்படும்.

வாசகர், ராஜபாளையம்: மழை விட்டதும் ஈசல் டியூப்லைட்டை மொய்க்கிறது. காலையில் பார்த்தால் முறம் முறமாக இறக்கை. ஒரு ராத்திரி வாழவா இத்தனை ஆர்ப்பாட்டம்?

பதில்: வந்தது சாவதற்கல்ல, கல்யாணத்துக்கு. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். மண் நனைந்து தோண்டுவதற்கு வாகாக இருக்கும்போது புற்றைவிட்டுக் கிளம்பும். ஜோடி அமைந்ததும் இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் குடித்தனம் போகும். பல்லி, தவளை, காக்கை என்று பந்திக்கு வந்தவர்கள் போக, பிழைக்கிற ராணி ஆண்டுக்கணக்கில் வாழ்வாள். கொஞ்ச நேரம் விளக்கை அணைத்து வையுங்கள். முகூர்த்தம் வெளியிலேயே நடக்கட்டும்.

வாசகி, நாகர்கோவில்: மொட்டைமாடியில் கூட்டம் கூட்டமாகப் பறந்த தட்டான்கள் திடீரென்று காணாமல் போய்விடுகின்றனவே, எங்கே போகின்றன?

பதில்: சில ஆப்பிரிக்காவுக்கு! விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகைத் தட்டான், வடகிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு இந்துமாக்கடலைத் தாண்டுகிறது என்று 2009இல் எழுதினார் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன். முட்டையிட நன்னீர் அரிதான மாலத்தீவில், அக்டோபர் வந்தால் இத்தனை தட்டான்கள் எப்படி வருகின்றன என்ற கேள்விதான் அவரைத் துரத்தியது. விசா வாங்க அலைகிற நாம் மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

வாசகர், தாராபுரம்: இதையெல்லாம் கவனிக்க என்ன கருவி வேண்டும்?

பதில்: ஒரு பென்சில், ஒரு காலண்டர். முதல் குயில், முதல் ஈசல், முதல் தவளைச் சத்தம் என்று தேதிக்கு நேரே குறித்து வந்தால், நாலைந்து வருஷத்தில் உங்கள் கொல்லைக்கென்றே ஒரு பஞ்சாங்கம் தயார். தினசரி காலண்டர் மட்டும் வேண்டாம். வீட்டில் யாராவது ஈசலைக் கிழித்துப் பஜ்ஜியின் எண்ணெயைத் துடைத்துவிடுவார்கள்.