மன்னார்க் கரையின் கொமட் அடுக்காய்வு: ஒரு முன்னுரை

ஆளொழிந்த கட்டடத்தின் வயதை அறியச் சுவரைத் தட்டிப் பார்ப்பவர் கற்றுக்குட்டி. கொமட்டைக் குனிந்து பார்ப்பவரே ஆய்வாளர். ஆள் போன வீட்டிலிருந்து ஓடு போகும், கதவு நிலையோடு போகும், பைப்பும் வயரும் சுவரைக் கிழித்துக்கொண்டு போகும். 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல் திரும்பியபோது தண்டவாளத்தையே புதிதாகப் போட வேண்டியிருந்தது. கொமட் மட்டும் சீமெந்தில் அசையாமல் இருக்கும். கழற்றினால் உடையும், உடையாவிட்டாலும் அயலான் குந்தியதில் குந்த யாருக்கும் மனம் வராது. ஆகவே, கள்ளன் வேண்டாமென்று விட்டதுதான் வரலாறு என்பது நம் துணிபு. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க ஆளுநர் பிரெடரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை, ஊர்ச்சனம் அல்லிராணி கோட்டை என்பது, இடிந்தாவது நிற்கிறது. முத்தில் ஒன்றாவது அங்கே கிடக்கிறதா? 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தர் தந்துபோன 'கக்கூசு' என்ற சொல்லையும் எவரும் களவெடுக்கவில்லை.

இனி முறையியல். சோளகம் வீசும் மாதங்களில் கொமட் கிண்ணத்துக்குள் மணல் விழும். மாரி மழை அதை அமத்தும். மேலே பாசி படர்ந்து காயும். மணலும் பாசியும் ஒரு சோடி என்றால் ஒரு வருடம். நடுவே ஆட்டுப் புழுக்கை கிடந்தால் கணக்குக் கெடாதா என்பார்கள். கெடாது, அது தனிப் பண்பாட்டுக் காலம் (வெள்ளாடு, வாய்மொழி). காகம் இதை மறுக்கிறது (காகம், 'சுவர்மேட்டுக் குறிப்புகள்', மூன்றாம் கரைதல், திருத்திய பதிப்பு). ஆனால் மழைநீரைக் கிண்ணத்திலேயே குடித்துக் களஆய்வு செய்த ஒரே அறிஞர் மன்னார்க் கழுதைதான் (மூன்று தொகுதிகள், இரண்டாவதை ஆசிரியரே தின்றுவிட்டார்). அதற்குக் கற்பூர வாசனை தெரியாது என்பது பழைய பழி. இங்கே கற்பூரத்துக்கு வேலையில்லை. கிண்ணம் நிறைந்தபின் காலம் நின்றுவிடுமே என்பவர் மேலே இருக்கும் சிஸ்டன் தொட்டியை மறந்துவிட்டார்.

இது ஆய்வுக்குரிய பொருளா என்று முகம் சுளிப்போர் உண்டு. 1980களில் மாந்தையில் தோண்டியெடுத்த சீனப் பீங்கான் துண்டுகள் ஆய்வுக்குரியன. அதே கரையில் கொமட் துண்டு காலில் ஏறினால் ஊசி போட்டுக்கொண்டு மறந்துவிடுவதா? அநுராதபுரத்து மேற்கு மடாலயங்களின் செதுக்குவேலைச் சிறுநீர்க் கற்களை, தவத்துறவிகள் எதிர் விகாரைகளின் ஆடம்பரத்தின் மேலேயே பெய்த சான்று என்று அறிஞர் சிலர் வாசித்திருக்கிறார்கள். துறவிக்கு முட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்ற கருதுகோளுக்கு அடிக்குறிப்பில்கூட இடம் கிடைப்பதில்லை.

எஞ்சுவது ஒரே மறுப்பு: கிண்ணத்தில் பனங்கொட்டை விழுந்து முளைத்தால் அடுக்கெல்லாம் குழம்புமே. குழம்பும்தான். அப்போது கிழங்கைக் கிண்டியெடுத்து அவித்து, கட்டுரையை மதிப்பிடும் பேராசிரியருக்கு அனுப்பிவைக்க வேண்டும். விளைந்த இடத்தை அடிக்குறிப்பில் சொன்னால் போதும். அதை அவர் வாசிக்கமாட்டார்.