அப்பாயி தட்டைத் தொடலாமா?

கேள்வி: என் மாமியாருக்குக் கேன்சர். ஆறு வயது மகன் அப்பாயி தட்டைத் தொடவே மாட்டேன் என்கிறான். யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது? (வாசகி, குன்னம்)

பதில்: நாம்தான். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்க்கிறான். ‘சளி பிடிச்சவன் பாட்டில்ல தண்ணி குடிக்காதே’ என்று சொல்லித்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம். நோய் என்றாலே ஒட்டும் என்று கணக்குப் போட்டுவிட்டான். சின்னப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று பிபேஸ், வால்ஷ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1980-லேயே எழுதினார்கள். அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: “அப்பாயிக்கு வந்தது கேன்சர். தொட்டாலும் ஒட்டாது, முத்தம் கொடுத்தாலும் ஒட்டாது.” ஒன்றே ஒன்று: கீமோ நடக்கும் நாட்களில் அவனுக்குச் சளி, காய்ச்சல் என்றால் அவன்தான் தள்ளி இருக்க வேண்டும். அப்போது அப்பாயிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. இதைக் கேட்டால் பையன் நிமிர்ந்து உட்காருவான். அப்பாயியைக் காக்கும் வேலை இப்போது அவனுக்கு!

கேள்வி: ‘நான் அடம் பிடிச்சதாலதான் அம்மாவுக்குக் கேன்சர் வந்துச்சா?’ என்று என் எட்டு வயது மகள் கேட்கிறாள். (வாசகர், வேப்பந்தட்டை)

பதில்: வாய்விட்டுக் கேட்டாளே, அதுவே நல்லது. கேட்காமல் மனசுக்குள் புதைத்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் என்னைக் கலங்க வைக்கிறார்கள். தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று பழக்கியிருக்கிறோம் அல்லவா? “நீ செய்த, சொன்ன, நினைத்த எதனாலும் வரவில்லை” என்று இன்றே சொல்லுங்கள். அம்மாவும் சொல்லட்டும். அடுத்த வாரம் மறுபடி கேட்பாள், சலிக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கேன்சர் வந்தால் செத்துத்தான் போவார்களா என்கிறான் பேரன். (வாசகர், ஜெயங்கொண்டம்)

பதில்: ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டும் 1982 படங்கள், இரண்டிலும் நாயகனுக்குக் கேன்சர். சினிமா ஊட்டிய பயம் இன்னும் போகவில்லை. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பகுதியை நல்ல சிகிச்சையால் இன்று குணப்படுத்த முடிகிறது. “சிலர் இறக்கிறார்கள், நிறையப் பேர் பிழைக்கிறார்கள்” என்று இரண்டையும் சொல்லுங்கள். பொய்ச் சத்தியம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கேன்சர் ஒட்டாது என்றால், கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்கு எதற்குத் தடுப்பூசி? ஒன்பதாம் வகுப்பு மகள் மடக்குகிறாள். (வாசகி, அரியலூர்)

பதில்: கெட்டிக்காரி! ஒட்டுவது எச்.பி.வி. என்ற வைரஸ், புற்று ஒட்டாது. பெரும்பாலானவர்கள் உடம்பில் வைரஸ் தானாகவே போய்விடும். சிலருக்குப் பல வருஷம் தங்கி, அங்குள்ள செல்களை மாற்றிவிடுகிறது. தடுப்பூசி அந்த வைரஸைத்தான் மறிக்கிறது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதைப் போட 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு போய்.