பெரியப்பா பதில்கள்: கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்

கே: ஹாஸ்பிஸ் என்றால் சாகப்போகிறவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடம்தானே? (நாகர்கோவில் வாசகர்)

ப: விட்டுவிட்டு வர பஸ் ஸ்டாண்ட் போதும், ஹாஸ்பிஸ் எதற்கு? நோய் இனி தீராது என்றான பிறகும் வலி தீரும் என்று நம்புகிறவர்கள் நடத்தும் இடம் அது. பிரிட்டனில் அங்கே போய் வலி அடங்கி வீடு திரும்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலான கவனிப்பு நோயாளியின் வீட்டுக் கட்டிலிலேயே நடந்துவிடுகிறது.

கே: யார் ஆரம்பித்து வைத்தது? (தஞ்சாவூர் வாசகி)

ப: இன்றைய வடிவில் என்றால், சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்தார், முதுகு ஒத்துழைக்கவில்லை, ஆஸ்பத்திரி சமூக சேவகியானார். 1948-ல் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, சாண்டர்ஸ் என்றோ கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலுக்கென்று 500 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். ஜன்னலுக்குப் பணம் ரெடி, வீடுதான் இல்லை!

நடுவில் ஒரு சர்ஜன், "நர்ஸ் சொன்னால் எந்த டாக்டர் கேட்பான், நீயே டாக்டராகிவிடு" என்ற ரீதியில் கிளப்பிவிட்டார். அம்மையார் முப்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1957-ல் டாக்டரானார். 1967-ல் தெற்கு லண்டன் சிடனத்தில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். 2005-ல், 87 வயதில், அங்கேயே கண்ணை மூடினார். தான் கட்டியதில் தானே படுத்துப் பார்க்கும் துணிச்சல் எத்தனை ஆஸ்பத்திரி முதலாளிக்கு உண்டு?

கே: அம்மையாருக்குக் காதல் கீதல்? (திருச்சி குறும்பன்)

ப: மூன்று. மூவருமே போலந்துக்காரர்கள். முதல் இருவர் அவர் கவனித்துக்கொண்ட நோயாளிகள். மூன்றாமவர் ஓவியர், 1980-ல் கல்யாணம், மணமகள் அறுபதைத் தாண்டியிருந்தார். 28 வயதில் 'இனி நமக்கு எங்கே' என்று பெருமூச்சு விடும் குறும்பரே, ஜாதகத்தை மூடி வையும்.

கே: கிறிஸ்துமஸுக்கும் ஹாஸ்பிஸுக்கும் என்ன சம்பந்தம்? (மதுரை வாசகர்)

ப: கல்லாப்பெட்டி சம்பந்தம். பிரிட்டனில் பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி ஒரு பென்னி கேட்காது. சாவு நெருங்கும்போது மட்டும் சர்க்காருக்குக் கை சுருங்கிவிடும். பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அரசுப் பணம். மீதியைப் பழைய துணிக்கடை, லாட்டரி, மாரத்தான், கேக் விற்பனை, உயில் என்று தேற்றியாக வேண்டும். பர்ஸும் மனசும் ஒரே நேரத்தில் திறக்கும் மாதம் டிசம்பர். பணக்கார நாடு, வலி நீக்கக் கேக் விற்கிறது!

கே: ஏதோ விளக்கு ஏற்றுகிறார்களாமே, க்ராய்டனில் இருக்கும் அக்கா சொன்னாள். (காரைக்குடி வாசகி)

ப: 'லைட் அப் எ லைஃப்'. இறந்தவர் நினைவாக நன்கொடை கொடுத்தால் கிறிஸ்துமஸ் மரத்தில் அவருக்காக ஒரு விளக்கு எரியும். பெயர்களைப் புத்தகத்தில் எழுதுவார்கள், சில இடங்களில் உரக்க வாசிப்பார்கள். நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தையே மறைக்கும். அங்கே எழுதுவது போனவர் பெயரை.

கே: வசூலுக்கு வேறு வித்தை? (சிவகாசி வாசகர்)

ப: சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடியோடு ஊரே ஓடும் சான்டா ஓட்டம். அதைவிட எனக்குப் பிடித்தது ஜனவரியில்: காய்ந்த கிறிஸ்துமஸ் மரத்தை வீட்டு வாசலிலேயே வந்து தொண்டர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், பதிலுக்கு நன்கொடை. மரம் அரைபட்டுத் தூளாகும். குப்பையைக் கொடுத்துவிட்டுக் காசும் கொடுக்கிறான், நன்றியும் சொல்கிறான்!

கே: நோயாளி டிசம்பர் 25 வரை தாங்கமாட்டார் என்றால்? (வேளாங்கண்ணி வாசகி)

ப: பண்டிகையை முன்னால் இழுத்துவிடுவார்கள். நவம்பரிலேயே மரம், பரிசு, சான்டா, எல்லாம். குழந்தைகள் ஹாஸ்பிஸ்களிலும் இது உண்டு (உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ், ஆக்ஸ்ஃபோர்டில் 1982-ல் திறந்த ஹெலன் ஹவுஸ்). இயேசு பிறந்த தேதியை பைபிளே சொல்லவில்லை. 25 என்பது சபை பின்னால் குறித்த நாள். நாலு வாரம் முந்திக் கொண்டாடினால் யார் கேஸ் போடப்போகிறார்?

கே: அங்கே 'சரக்கு' உண்டா? (புதுச்சேரி, வேறு யார்)

ப: பல ஹாஸ்பிஸ்களில் தள்ளுவண்டியிலேயே வரும். ஒருகாலத்தில் மருந்தே சரக்குதான். மார்ஃபினோ ஹெராயினோ, கூடக் கொக்கெய்ன், ஜின் எல்லாம் கலந்த 'பிராம்ப்டன் காக்டெயில்'. 1970-களில் டாக்டர் ராபர்ட் ட்வைகிராஸ் சோதித்துப் பார்த்ததில், கச்சேரி செய்வது மார்ஃபின் வகை மருந்துதான், கொக்கெய்ன் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

கே: மார்ஃபின் கொடுத்தால் அப்பா அடிமையாகிவிட மாட்டாரா? (சேலம் வாசகர்)

ப: டாக்டர் அளந்து கொடுத்தால் அது அபூர்வம். வலியில் கத்திக் கெஞ்சியபின் கொடுப்பது பழைய வழக்கம். வலி தலைகாட்டுமுன் கடிகாரம் பார்த்துக் கொடுப்பது சாண்டர்ஸ் வழக்கம். மூன்று வாரம் மிச்சமிருக்கும் மனுஷனைப் 'பழக்கம்' இல்லாமல் காப்பாற்றி எந்த வேலைக்கு அனுப்பப்போகிறீர்கள்?

மார்ஃபின்மேல் வரும் கோபத்தைச் சட்டத்தின்மேல் காட்டுங்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சர்க்கார் லைசென்ஸோடு அபின் விளைகிறது. ஆனால் 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் நம் நோயாளிக்கு மார்ஃபின் எட்டாக்கனியாகிவிட்டது. கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் முட்டிமோதி, 2014-ல்தான் சட்டம் இளகியது. கடத்தல்காரனுக்குப் போட்ட பூட்டு, கட்டிலில் கிடந்தவனைப் பிடித்தது.

கே: இந்த மாதிரி சிகிச்சையில் சேர்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார் மச்சான். (ஈரோடு வாசகர்)

ப: மச்சானிடம் 2010-ல் வெளியான பாஸ்டன் ஆய்வைக் காட்டுங்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புக் கவனிப்பும் பெற்றவர்களில் பாதிப்பேர் 11.6 மாதத்தைத் தாண்டினார்கள், பெறாதவர்களில் பாதிப்பேர் 8.9-ஐத்தான். மச்சான் எந்தக் கல்லூரியில் படித்தாராம்?

கே: பார்க்கப் போகும்போது என்ன வாங்கிப் போகலாம்? (பாளையங்கோட்டை வாசகி)

ப: இரண்டு காது. ஹார்லிக்ஸ் பாட்டில் ஏற்கெனவே ஏழு இருக்கும். முள்சீத்தா இலைக் கஷாயம் பற்றிய வாட்ஸ்அப் செய்தியும் 'நல்லாத்தானே இருக்கீங்க'வும் வாசலிலேயே செருப்போடு இருக்கட்டும்.

கே: நம்மூரில்? (கிருஷ்ணகிரி வாசகர்)

ப: உங்கள் ஊர்ப்பக்கம்தான் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடி வரும் வலிநிவாரண, ஆதரவு சிகிச்சையும் அதில் சேர்த்தி. கேட்டீர்களா, பிரஷர் மாத்திரை மட்டும் வாங்கினீர்களா?

கே: லண்டனில் இருக்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்னால் என்ன முடியும்? (ஈஸ்ட்ஹாம் வாசகர்)

ப: வரி கட்டுகிறவர் என்றால் நன்கொடையோடு 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசு சேர்த்துத் தரும். அதே அரசைக் குனியவைத்து வாங்கும் சுகம் தனி. பணம் இல்லையா, ஹாஸ்பிஸ் கடைக்குப் போட்டுக்கொள்ளாத துணிகளைக் கொடுங்கள். சகலை பரிசளித்த கலைமான் ஸ்வெட்டரும் தாராளமாகச் செல்லும். ஆனால் சகலை வீட்டுத் தெருவில் உள்ள கடையில் கொடுத்துத் தொலைக்காதீர்கள்.