குமிழியும் கைத்துணியும்: சொமலியே விருந்துக்கு வரும் மாலை குறித்து ஓர் ஆய்வு

ஒரு சொமலியேயை விருந்துக்கு அழைத்துவிட்டவர், அன்று காலையிலிருந்தே கண்ணாடிக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். பிரான்சில், ஷாம்பெயின் விளையும் ரீம்ஸ் நகரத்திலேயே குடியிருப்பவருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. வைனைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, பரிமாறுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்து, ஊற்றிக் கொடுத்ததை விளக்கொளியில் தூக்கிப் பார்க்கப் போகிறார். துடைக்காமல் என்ன செய்வது?

இந்தத் துடைப்புதான் இங்கே ஆய்வுப் பொருள்.

சொற்பிறப்பு இல்லாத ஆய்வு உப்பில்லாத பண்டம் என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். பழைய பிரெஞ்சில் சொமலியே என்பவர் பொதிமாடு, கோவேறு கழுதை ஆகியவற்றை ஓட்டிப்போனவர். பிறகு பிரபு வீட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பானார். அங்கிருந்து பண்டசாலை, பண்டசாலையிலிருந்து மது. ஆக, விருந்தாளியின் தொழில்வழி முப்பாட்டனார் பொதிக்காரர். இதை விருந்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் வீட்டுக்காரரின் பயம் குறையும். நட்பும் குறையலாம்.

பயத்துக்கு ஆதாரம் உண்டு. மாஸ்டர் சொமலியே பட்டத்துக்கான முதல் தேர்வு 1969இல் லண்டனில் நடந்தது. இத்தனை ஆண்டுகளில் உலகம் முழுக்க அதைப் பெற்றவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. அதே 1969இல் ரீம்ஸில் சர்வதேச சொமலியே சங்கமும் தொடங்கப்பட்டது. அது நடத்தும் உலகப் போட்டியில் ஒரு கட்டம் உண்டு: ஒன்றரை லிட்டர் பாட்டிலை வரிசையாக வைத்த கோப்பைகளில் சரிசமமாக ஊற்றித் தீர்க்க வேண்டும். ஊற்றிய கோப்பைக்குத் திரும்பி வந்து ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது. நான்கு பேருக்கு ஊற்றுவதற்குள் கடைசிக் கோப்பைக்குக் கால் பங்கு மட்டும் மிஞ்ச வைக்கும் வீட்டுக்காரர் இந்தச் செய்தியை அறியாமல் இருப்பதே நல்லது.

அடுத்து, ஷாம்பெயின் பாட்டிலைத் திறப்பது. உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம், அதாவது கார் டயரைப் போல இரண்டு மூன்று மடங்கு. தக்கையைக் கட்டிப்போடும் கம்பிவலைக்கு அடோல்ஃப் ஜாக்கெசோன் 1844இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்திய காலத்து நிலவறைத் தொழிலாளர்கள் வெடிக்கும் பாட்டில்களுக்குப் பயந்து இரும்பு முகமூடி அணிந்தார்கள். திறக்கும்போது தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும். பெருமூச்சு அளவுக்குமேல் சத்தம் வரக் கூடாது. குளிராத பாட்டிலைத் திறப்பது சொமலியே சட்டத்தில் குற்றம். இயற்பியலிலோ அதற்குப் பரிசே உண்டு: 20 டிகிரியில் இருக்கும் பாட்டிலைத் திறந்தால் வாயில் ஒரு கணம் நீல நிறப் புகை தோன்றும் என்று ரீம்ஸ் பல்கலைக்கழகத்தார் வேகக் கேமராவில் பிடித்திருக்கிறார்கள். முறைப்படி குளிர வைத்தவருக்குக் கிடைப்பது வெறும் வெண்சாம்பல் புகை.

குமிழிக்கு வருவோம். பாட்டிலுக்குள் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து அடைத்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். போக வழியில்லாத வாயு வைனிலேயே கரைந்து கிடக்கும். கோப்பையில் ஊற்றியதும் அது தானாகக் குமிழியாகிவிடும் என்றுதான் எவரும் நினைப்பார். ஆகாது. குமிழி பிறக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தவர் ரீம்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர். விடை: தூசு. காற்றிலிருந்து விழுந்ததோ துடைத்த துணி விட்டுப்போனதோ, கண்ணுக்குத் தெரியாத நார்த் துணுக்குகள். நாரின் உட்குழலில் சிக்கிய காற்றுக்குள் வாயு புகுந்து பருத்து, பிய்த்துக்கொண்டு மேலே ஓடும், பின்னாலேயே அடுத்தது. ஒரு கோப்பையில் இப்படி ஏறத்தாழ 10 லட்சம் குமிழிகள் என்பது அவர் கணக்கு. அப்பழுக்கில்லாத கோப்பையில் ஷாம்பெயின் குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடக்கும். இதற்கு அஞ்சியே சில கோப்பைகளின் அடியில் லேசரால் கீறி விற்கிறார்கள்.

ஆகவே பெருமையைப் பங்கு போடும்போது திராட்சைக்கு ஒன்று, ஈஸ்டுக்கு ஒன்று, வீட்டுக்காரரின் கைத்துணிக்கும் ஒன்று என்பது இவ்வாய்வின் துணிபு. கவிழ்த்துக் காயவைக்கும் கட்சியார் மறுக்கலாம். அவர்களுக்கும் காற்று நார் தந்துகொண்டுதான் இருக்கிறது. சோப்பு மிச்சம் மட்டும் எந்தக் கட்சிக்கும் ஆகாது, நுரையை அடக்கிவிடும்.

விருந்துப் பேச்சில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, குமிழியைக் கண்டுபிடித்தவர் துறவி தோம் பெரிஞோன் என்பது. அவர் ஓவில்லே மடத்துக்கு 1668இல் வந்தார், வந்தபின் குமிழியைத் தவிர்க்கவே பாடுபட்டார். சர்க்கரை சேர்த்தால் வைன் பொங்கும் என்று இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் மெரெட் 1662லேயே ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்துவிட்டார். இன்னொன்று, பாட்டிலில் ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்றிருப்பதை இனிப்பே இல்லாதது என்று நம்புவது. அது ‘ப்ரூட்’ என்று எழுதிய பாட்டிலைவிட இனிப்பு. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள்தான் சர்க்கரை. 2010இல் பால்டிக் கடலடியில், 19ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்றில் கிடைத்த ஷாம்பெயினில் 140 கிராமுக்கும் மேலே இருந்தது. அக்காலத்தார் குடித்தது ஏறக்குறையப் பாயசம்.

சாட்சியமாக ஒரு மாலை. நான்கு கோப்பைகளில் மூன்று கைத்துணியால் துடைத்தவை. நான்காவது பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் பளபளவென்று வந்தது. அதையே விருந்தாளிக்கென்று ஒதுக்கியிருந்தார் வீட்டுக்காரர். மூன்றில் சரம் சரமாகக் குமிழி ஏற, நான்காவது சும்மா இருந்தது. சொமலியே அதைத் தூக்கிப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் குடித்து முடித்தார், காலிக் கோப்பையோடு சமையலறைக்குள் போய் அடுப்புப் பக்கம் தொங்கிய துணியை எடுத்தார்.